அந்த நூறு கிராமுக்கு முந்தைய ராத்திரி

(மாவட்ட தகவல் தொழில்நுட்ப அணியின் பயிற்சிப் பாசறையில் நம் அணித் தன்னார்வலர் பேசியதன் எழுத்து வடிவம். நேரில் வர முடியாத தோழர்களுக்காகப் பேச்சு நடையிலேயே தருகிறோம். – அட்மின்)



எனக்குக் கொடுத்த தலைப்பு, விளையாட்டுச் செய்திகளை எப்படிப் பதிவிடுவது என்பது. கார்டு டிசைன், பதிவு போடுற நேரம், ஹேஷ்டேக் இதெல்லாம் பேசுவேன்னு எதிர்பார்த்து வந்திருப்பீங்க. அதை மதியம் டிசைன் டீம் தோழர்கள் என்னைவிட நல்லாவே சொல்வாங்க. நான் பேசப் போறது விளையாடுற பிள்ளைங்களோட சாப்பாட்டைப் பத்தி. அவங்க உடம்பைப் பத்தி நீங்களும் நானும் போடுற போஸ்ட்டைப் பத்தி.

2024 ஆகஸ்ட் 7. அன்னைக்கு உங்க டைம்லைன்ல ஓடினது ஒரே ஒரு எண். 100 கிராம். பாரீஸ் ஒலிம்பிக், பெண்கள் மல்யுத்தம், 50 கிலோ பிரிவு. இறுதிப் போட்டிக்குப் போன வினேஷ் போகத், காலையில எடை பார்க்கும்போது 100 கிராம் கூடுதல்னு தகுதி நீக்கம் செய்யப்பட்டார். வெள்ளியும் கிடையாது. விதிப்படி பட்டியலில் கடைசி இடம்.

அதுக்கு முந்தின நாள் என்ன நடந்துச்சுன்னு கொஞ்சம் நிதானமா பார்ப்போம். ஆகஸ்ட் 6 காலையில எடை பார்க்கும்போது அவர் 49.9 கிலோ. வரம்புக்குள்ளதான் இருந்தார். அன்னைக்கே மூணு போட்டி. முதல் போட்டியில ஜப்பானின் யுய் சுசாகி. டோக்கியோ ஒலிம்பிக் சாம்பியன், அதுவரைக்கும் சர்வதேசப் போட்டியில தோற்றதே இல்லாதவர். அவரைத் தோற்கடிச்சார். அடுத்து உக்ரைன் வீராங்கனை, அடுத்து கியூபா வீராங்கனை. மூணு பேரையும் ஜெயிச்சுட்டு வந்த மனுஷி தண்ணி குடிக்காம, சாப்பிடாம இருக்க முடியுமா? கொஞ்சம் சாப்பிட்டார், தண்ணி குடிச்சார். சாயங்காலம் எடை பார்த்தா 2.7 கிலோ கூடுதல்.

ராத்திரி முழுக்க தூக்கம் இல்லை. ஓட்டம், உடற்பயிற்சி, நீராவி அறை. கடைசியில தலைமுடியை வெட்டினாங்க, போட்டிருந்த உடையைக்கூட வெட்டிக் குறைச்சாங்க. இதை இந்திய அணியின் தலைமை மருத்துவரே வெளிப்படையா சொன்னார். அத்தனையும் பண்ணியும் 100 கிராம் நின்னுடுச்சு. உடம்புல நீர்ச்சத்து வத்திப்போய், விளையாட்டுக் கிராம மருத்துவ மையத்துல அவருக்கு நரம்பு வழியா திரவம் ஏத்த வேண்டி வந்தது. மறுநாள் ஓய்வு அறிவிச்சார். மேல்முறையீடு ஆகஸ்ட் 14-ல் தள்ளுபடி ஆச்சு. ஒரே ஒரு காலை எடைக்காக ஒருத்தரோட எல்லா வெற்றியையும் அழிக்கிற இந்த விளைவு மிகக் கொடுமையானதுன்னு அந்தத் தீர்ப்பை எழுதின நடுவரே குறிப்பிட்டிருக்கார். ஆனா விதி விதிதான்னு முடிச்சுட்டார்.

இப்ப கேளுங்க. நாம அந்த 100 கிராமைப் பத்தி எத்தனை கார்டு போட்டோம்! ஒரு பக்கம் சதி. ஒரு பக்கம் வீரமங்கை. இன்னொரு பக்கம், டெல்லி ஜந்தர் மந்தரில் அவர் நடத்தின போராட்டத்தைப் பிடிக்காதவங்க, "நூறு கிராம் குறைக்க வக்கில்ல"ன்னு போட்ட மீம். இந்த மூணு தரப்பும் ஒரு விஷயத்துல ஒத்துப்போனாங்க. ராத்திரி முழுக்க ஒரு பெண்ணைப் பட்டினி போட்டு, வேர்க்க வெச்சு, முடியை வெட்டி எடையைக் குறைக்கிறது சாதாரணம்தான்னு மூணு பேருமே ஏத்துக்கிட்டாங்க. இறங்கின எடை போதுமா போதாதாங்கிறது மட்டும்தான் சண்டை.

அவர் ரியோவில் 48 கிலோ, டோக்கியோவில் 53 கிலோ, பாரீஸில் 50 கிலோ. 53-ல் இந்தியாவுக்கான இடத்தை வேறொரு வீராங்கனை வாங்கிட்டதால, முழங்கால் அறுவை சிகிச்சை முடிஞ்சு வந்த கையோட, 29 வயசுல கீழே இறங்க வேண்டி வந்தது. உலக சாம்பியன்ஷிப்பில் பெண்களுக்கு 10 எடைப் பிரிவு இருக்கு. ஒலிம்பிக்கில் ஆறுதான். நடுவுல இருக்கிற உடம்புக்காரங்க எங்க போவாங்க? கீழேதான். கீழே போறதுன்னா சாப்பாட்டைக் குறைக்கிறது. இதை நீங்க பயிற்சின்னு சொல்லலாம், ஒழுக்கம்னு சொல்லலாம். உடம்புக்கு அந்த வார்த்தையெல்லாம் தெரியாது.

அந்த வாரமே இன்னொரு செய்தி வந்துச்சு, ஞாபகம் இருக்கா? ஆண்கள் 57 கிலோ பிரிவுல அமன் ஷெராவத். அரையிறுதி முடிஞ்சப்ப எடை 61.5 கிலோ. பத்து மணி நேரத்துல 4.6 கிலோ குறைச்சு, மறுநாள் வெண்கலம் வாங்கினார். 21 வயசுப் பையன். நாடு முழுக்க கொண்டாடினாங்க. "பத்து மணி நேரத்தில் 4.6 கிலோ! இதுதான்டா அர்ப்பணிப்பு"ன்னு எத்தனை பேர் ஸ்டோரி வெச்சீங்க? அந்தக் கதைக்கு அடுத்த பாகம் இருக்கு. 2025 செப்டம்பர், ஜாக்ரெப் உலக சாம்பியன்ஷிப். அதே அமன், அதே 57 கிலோ. இந்தமுறை 1.7 கிலோ கூடுதல். தகுதி நீக்கம். திரும்பி வந்ததும் இந்திய மல்யுத்த சம்மேளனம் ஒரு வருஷம் தடை போட்டது, அப்புறம் அதை வாபஸ் வாங்கினது. இந்த இரண்டாம் பாகத்துக்கு யாரும் கார்டு போடலை. எடை இறங்கினா தியாகி, இறங்கலைன்னா ஒழுக்கம் கெட்டவன். நடுவுல அந்தப் பையனோட சிறுநீரகமும் இதயமும் என்ன பாடுபட்டிருக்கும்னு கேட்க ஆள் இல்லை.

நான் இன்ஜினியரிங் படிச்சவன். டாக்டர் இல்லை. அதனால எனக்குப் புரிஞ்ச வழியில ஒரு கணக்கு சொல்றேன்.

விளையாடுறவங்க சாப்பிடுற சக்தியில இருந்து பயிற்சிக்குச் செலவாகுறதைக் கழிங்க. மிச்சம் இருக்கிறதை வெச்சுத்தான் இதயம், மூளை, எலும்பு, ஹார்மோன், நோய் எதிர்ப்பு எல்லாம் ஓடணும். அந்த மிச்சத்தை, கொழுப்பு நீங்கலான உடல் எடையால வகுத்தா ஒரு எண் வரும். ஒரு கிலோவுக்கு 45 கலோரி இருந்தா உடம்பு நிம்மதியா ஓடும்னு விளையாட்டு மருத்துவத்துல ஒரு அளவு வெச்சிருக்காங்க. 30-க்குக் கீழே இறங்கினா ஆபத்துன்னு சொல்றாங்க. ஆளுக்கு ஆள் மாறும், கோடு போட்ட மாதிரி எல்லை கிடையாது. ஆனாலும் கணக்கைப் பாருங்க. கொழுப்பு நீங்கலா 40 கிலோ இருக்கிற ஒரு ஓட்டப்பந்தயப் பொண்ணு ஒரு நாளைக்கு 1800 கலோரி சாப்பிடுறா. வீட்டுல பார்த்தா "நல்லாத்தானே சாப்பிடுறா"ன்னுதான் சொல்வாங்க. காலையும் மாலையும் பயிற்சியில 700 போயிடுது. மிச்சம் 1100. நாற்பதால வகுத்தா 27.5. முடிஞ்சது. அந்தப் பொண்ணு பட்டினி கிடக்கலை, சாப்பாட்டை வெறுக்கலை. ஆனாலும் உடம்பு பட்டினியில இருக்கு. இதை நம்மூர்ல யாரும் கணக்கு போட்டுப் பார்க்கிறதில்லை.

உங்க போன்ல சார்ஜ் குறைஞ்சா என்ன ஆகும்? பவர் சேவிங் மோடு. பின்னாடி ஓடுற வேலைகளை ஒண்ணொண்ணா நிறுத்தும். ஸ்கிரீன் எரியும், கால் வரும், ஆனா உள்ளே பாதி வேலை நின்னிருக்கும். உடம்பும் அப்படித்தான். பொண்ணுங்களுக்கு முதல்ல மாதவிடாய் தாறுமாறாகும், அப்புறம் நின்னே போகும். அதோட ஈஸ்ட்ரோஜன் குறையும். அது குறைஞ்சா எலும்பு பலமிழக்கும். கீழே விழாமலேயே, அடிபடாமலேயே கால் எலும்புல மெல்லிசா விரிசல் விடும். சளி, காய்ச்சல் அடிக்கடி வரும். தூக்கம் கெடும், எரிச்சல் வரும், எதுலயும் மனசு ஒட்டாது. ஆண்களுக்கும் ஹார்மோன் குறையும், எலும்பு தேயும். மாதவிடாய் மாதிரி வெளியே தெரியுற அறிகுறி இல்லாததால இன்னும் தாமதமா தெரியும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-ல் இதுக்கு ரெட்-எஸ் என்று பேர் வெச்சு அறிக்கை வெளியிட்டது. அதுக்கு முன்னாடி இதைப் பெண்களுக்கான பிரச்சனையா மட்டும்தான் பார்த்தாங்க.

இதுல கொடுமை என்னன்னா, ஆரம்பத்துல கொஞ்ச நாளைக்கு ஓட்டம் நல்லாவே வரும். எடை குறைஞ்சதும் நேரம் குறையும். கோச் தட்டிக்கொடுப்பார். அந்தப் பொண்ணு, சாப்பாட்டைக் குறைச்சதாலதான் ஜெயிச்சோம்னு நம்பிடுவா. சில மாசம் கழிச்சு எலும்பு விரிசல் விடும்போது அதுக்கும் இதுக்கும் முடிச்சுப் போட யாரும் இருக்க மாட்டாங்க.

பல மைதானங்கள்ல மாதவிடாய் நின்னுட்டா அதை நல்லதா நினைக்கிறாங்க. "தொந்தரவு இல்லை, நல்லா பிராக்டிஸ் பண்ணலாம்"னு. கடுமையா பயிற்சி பண்றதுக்கு அதுவே சாட்சின்னு பேசுறவங்களும் உண்டு. தோழர்களே, அது உடம்பு அடிக்கிற அலாரம். பாரீஸில் 49 கிலோ பளுதூக்குதலில் ஒரே ஒரு கிலோவில் வெண்கலத்தை இழந்த மீராபாய் சானு, அன்னைக்குத் தனக்கு மாதவிடாயின் மூணாவது நாள்னு கேமரா முன்னாடி சொன்னார். அதையும் கிண்டல் பண்ணினாங்க. அவர் சொன்னதால எத்தனை கிராமத்துப் பொண்ணுங்க தன் கோச்சுக்கிட்ட வாய் திறந்திருப்பாங்கன்னு நான் யோசிச்சுப் பார்க்கிறேன்.

இது ஏழை நாட்டுப் பிரச்சனைன்னு நினைக்காதீங்க. அமெரிக்காவில் மேரி கெய்ன்னு ஒரு ஓட்டக்காரப் பொண்ணு. 2013-ல், 17 வயசுல, மாஸ்கோ உலக சாம்பியன்ஷிப்புக்குப் போனார். அடுத்து உலகத்திலேயே பெரிய ஷூ கம்பெனி நடத்தின பயிற்சித் திட்டத்துல சேர்ந்தார். பணம், விஞ்ஞானம், கருவிகள் எதுக்கும் குறைவில்லை. 2019-ல் அவர் வெளிப்படையா பேசினார். சக வீரர்கள் முன்னாடியே தன்னை எடை மெஷின்ல நிறுத்தினாங்க, இன்னும் ஒல்லியாகு ஒல்லியாகுன்னாங்க, மூணு வருஷம் மாதவிடாய் வரலை, அஞ்சு எலும்பு உடைஞ்சதுன்னு சொன்னார். பயிற்சியாளர் அந்தக் குற்றச்சாட்டை மறுத்தார். எல்லா வசதியும் இருந்த இடத்துல அந்தப் பொண்ணுக்குக் கிடைக்காம போனது வயிறு நிறைய சோறு.

அதே நாட்டுல ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை கிறிஸ்டி ஹென்ரிச். 1988-ல் ஒரு நடுவர், ஒலிம்பிக் அணிக்குப் போகணும்னா எடையைக் குறைன்னு அவர்கிட்ட சொன்னதா குடும்பத்தார் சொல்லியிருக்காங்க. 1994-ல், 22 வயசுல, உணவுக் கோளாறால உடல் உறுப்புகள் செயலிழந்து இறந்துபோனார். அந்த ஒரு சொல்தான் கொன்னுச்சுன்னு நான் சொல்ல வரலை. இந்த நோய்க்கு ஒரே காரணம் கிடையாது. ஆனா அந்த நடுவர் அன்னைக்கு ராத்திரி நிம்மதியா தூங்கியிருப்பார், இல்லையா? சொன்னவங்களுக்கு அது ஞாபகம்கூட இருக்காது. கமெண்ட் போட்டுட்டு அடுத்த போஸ்ட்டுக்கு ஸ்க்ரோல் பண்ற நமக்கு மட்டும் ஞாபகம் இருக்குமா?

சரி, அரசியலுக்கு வர்றேன். இதுல அரசியல் எங்கேன்னு சிலர் முகத்துல கேள்வி தெரியுது.

விதியை எழுதுறவங்க கையில இருக்கு அரசியல். 1997-ல் அமெரிக்காவில், ஒரு மாசத்துக்குச் சற்றே அதிகமான இடைவெளியில, மூணு கல்லூரி மல்யுத்த வீரர்கள் செத்தாங்க. மூணு பேருமே எடை குறைக்க, சூடான அறையில, வேர்வை வெளியேறாத உடையைப் போட்டுக்கிட்டு, தண்ணி குடிக்காம உடற்பயிற்சி பண்ணினவங்க. அதுக்கு முன்னாடி ஊரே அதை மன உறுதின்னு சொல்லிக்கிட்டிருந்தது. மூணு உயிர் போன பிறகு கல்லூரி விளையாட்டு அமைப்பு அந்த முறைகளைத் தடை செஞ்சது, எடைப் பிரிவுகளைக் கூட்டிக் கொடுத்தது, உடம்புல நீர்ச்சத்து இருக்கான்னு சோதிச்ச பிறகுதான் எடை பார்க்கணும்னு கொண்டுவந்தது. முன்னாடியே செஞ்சிருக்கலாம்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச உதாரணம் பனிச்சறுக்குத் தாண்டுதல். அதுல எடை குறைவா இருந்தா தூரமா பறக்கலாம். அதனால வீரர்கள் எலும்பும் தோலுமா ஆகிட்டாங்க. 2004 வாக்கில் அந்தச் சம்மேளனம் ஒரு விதி போட்டது. உயரத்துக்கு ஏத்த எடை ஒரு அளவுக்குக் கீழே போனா, கால்ல மாட்டுற பலகையின் நீளத்தைக் குறைச்சுக்கணும். பலகை குட்டையானா பறக்குற தூரம் குறையும். அவ்வளவுதான். பட்டினி கிடந்தா லாபம்ங்கிற கணக்கையே புரட்டிப் போட்டுட்டாங்க. அந்த விதியிலும் ஓட்டை இருக்கு, வீரர்கள் எல்லைக் கோட்டுலயே நிக்கப் பழகிட்டாங்க. ஆனாலும் "எடையைப் பார்த்துக்கோங்கப்பா"ன்னு அறிவுரை சொல்லி ஒதுங்காம, விதியிலேயே கை வெச்சாங்க பாருங்க, அதுதான் அரசியல்.

நம்ம மண்ணுக்கு இது புதுசா? பிள்ளைங்க பசியோட பள்ளிக்கூடத்துல உட்காரக் கூடாதுன்னு நீதிக்கட்சி காலத்துல சென்னை மாநகராட்சிப் பள்ளியில ஆரம்பிச்சு, காமராசர் காலத்து மதிய உணவு, சத்துணவு, முட்டை, இன்னைக்குக் காலை உணவு வரைக்கும் வந்திருக்கோம். நூறு வருஷமா நாம சொல்றது, சோறு போட்டுட்டுப் படிக்கச் சொல்லுன்னுதான். அந்தப் பிள்ளை நாலு மணிக்குப் பெல் அடிச்சு மைதானத்துக்குள்ள போனதும் மட்டும் அந்தக் கொள்கை வாசல்லயே நின்னுடுமா? ரெண்டு மணி நேரம் ஓடிட்டு பஸ் பிடிச்சு வீட்டுக்குப் போற பொண்ணுக்கு, நடுவுல ஒரு சுண்டலோ வாழைப்பழமோ கொடுக்கிறது பெரிய செலவா?

அதனால மாவட்ட நிர்வாகிகள்கிட்ட ஒரு கோரிக்கைத் தீர்மானம் எழுதிக் கொடுத்திருக்கோம். விளையாட்டு விடுதிகள்ல, பயிற்சி மையங்கள்ல உணவியல் நிபுணரும் பெண் மருத்துவரும் குறிப்பிட்ட நாள்ல கட்டாயம் வரணும். எடை பார்க்கிறதை வரிசையில நிறுத்தி, சத்தமா படிச்சுச் செய்யக் கூடாது. அது மருத்துவக் குறிப்பு, நோட்டீஸ் போர்டு இல்லை. பதினெட்டு வயசுக்குக் கீழே உள்ளவங்களைக் குறுகிய நாள்ல எடை குறைச்சுக் கீழ்ப் பிரிவுல இறக்கக் கூடாது. பயிற்சியாளர்களுக்கு இதைப் பத்திப் பயிற்சி கொடுக்கணும். பல கோச்சுகள் கெட்ட எண்ணத்துல செய்றதில்லை. அவங்க கோச் அவங்களுக்குச் செஞ்சதை இவங்க திருப்பிச் செய்றாங்க. நம்ம கட்சி ஆட்சியில இருந்தாலும் இல்லாட்டியும் இந்தக் கோரிக்கை நிக்கும்.

ஆனா அரசாங்கத்தைக் கேட்கிறதுக்கு முன்னாடி, நாமளே நடத்துற போட்டிகளைப் பத்திப் பேசியாகணும்.

தலைவர் பிறந்தநாள் வந்தா என்ன நடத்துறோம்? மின்னொளி கபடி. ஆணழகன் போட்டி. சுழற்கோப்பை, ரொக்கப் பரிசு, ஊரெல்லாம் பேனர். எடைப் பிரிவு வெச்ச கபடிக்கு எடை பார்க்கிற இடத்துல போய் நின்னு பாருங்க. முந்தின நாள்ல இருந்து தண்ணி குடிக்காத பசங்க, உதடு வெடிச்சு, கண்ணு உள்ளே போய், மெஷின்ல ஏறி நிப்பாங்க. நம்ம ஆளு மைக்குல, "தம்பி 400 கிராம் கூட இருக்கு, போய் ரெண்டு ரவுண்டு ஓடிட்டு வாப்பா"ன்னு சொல்வார். சுத்தி நிக்கிறவங்க சிரிப்பாங்க. அந்தப் பையன் வெயில்ல ஓடுவான். அவன் பிளஸ் டூ படிக்கிறவன், தோழர்களே. அவனுக்கு ஏதாவது ஆனா, பேனர்ல இருக்கிறது நம்ம தலைவர் படம்.

ஆணழகன் மேடை இன்னும் மோசம். நரம்பு தெரியணும், தசை கோடு கோடா பிரிஞ்சு தெரியணும்னு மேடைக்கு முன்னாடி தண்ணியை நிறுத்துறாங்க, கண்ட மாத்திரையை எடுக்கிறாங்க. கீழே உட்கார்ந்து பார்க்கிற பத்தாவது படிக்கிற தம்பி, அதுதான் ஆரோக்கியமான உடம்புன்னு நினைச்சுக்கிறான். பொண்ணுங்க கண்ணாடியில பார்த்து "குண்டா இருக்கேன்"னு நினைக்கிற மாதிரி, பசங்க "இன்னும் சதை பத்தலை"ன்னு நினைக்கிறாங்க. அதுவும் அதே நோயோட இன்னொரு முகம். ஜிம்முல கிடையா கிடக்கிறான்னு பெருமைப்படுறோம். அவன் வீட்டு விசேஷத்துல ஒரு வாய் சாப்பிட முடியாம, தனி டப்பாவோட ஓரமா உட்கார்ந்திருக்கிறதைக் கவனிக்கிறதில்லை.

போட்டியை நிறுத்தணும்னு நான் சொல்லலை. அப்படிச் சொன்னா இங்கேயே பாதிப் பேர் எழுந்து போயிடுவீங்க. இந்த வருஷம் எடை பார்க்கிற இடத்தைத் துணி கட்டி மறைங்க. எண்ணை மைக்குல சொல்லாதீங்க. அரை கிலோ சலுகை அறிவிச்சுட்டு, அதுக்கு மேல இருந்தா அடுத்த பிரிவுல சேர்த்துக்கோங்க, ஓடச் சொல்லாதீங்க. ஓ.ஆர்.எஸ். கரைசலும் ஒரு டாக்டரும் பக்கத்துல இருக்கட்டும். தலை சுத்துதுன்னு சொல்ற பையனை இறக்காதீங்க. பேனர் செலவுல நூத்துல ஒரு பங்குகூட ஆகாது.

இனி நம்ம வேலைக்கு வர்றேன். போஸ்ட்.

2025 மார்ச். சாம்பியன்ஸ் டிராபி நடந்துக்கிட்டிருக்கு. ஒரு தேசியக் கட்சியின் செய்தித் தொடர்பாளர், ரோகித் சர்மா குண்டாக இருக்கார், எடையைக் குறைக்கணும்னு பதிவு போட்டார். பெரிய பிரச்சனை ஆகி, கட்சியே அதை நீக்கச் சொன்னது. ஒரு வாரத்துல இறுதிப் போட்டியில ரோகித் 76 ரன் அடிச்சு ஆட்ட நாயகன் ஆனார், கோப்பையும் வந்தது. உடனே எல்லாரும், "பார்த்தியா, வாயை மூடிட்டார்"னு போட்டாங்க. எனக்கு அதுல ஒரு நெருடல். அவர் அன்னைக்கு டக் அவுட் ஆகியிருந்தா அந்தப் பதிவு சரியாகியிருக்குமா? கோப்பை ஜெயிச்சாத்தான் ஒருத்தருக்குத் தன் உடம்போட மரியாதையா இருக்க உரிமைன்னா, தோத்த வீரர்களோட உடம்பெல்லாம் யாரு வேணும்னாலும் கல் எறியலாமா?

ரோகித்துக்கு ஒண்ணும் ஆகாது. கோடிக்கணக்குல ரசிகர்கள் இருக்காங்க. நீங்க போடுற மீமை அவர் பார்க்கவே போறதில்லை. அதைப் பார்க்கிறது, உங்க ஃபிரண்டு லிஸ்ட்ல இருக்கிற, மாவட்ட அளவுல குண்டு எறியுற பொண்ணு. ஏற்கெனவே அவளைத் தெருவுல "ஆம்பள மாதிரி இருக்கா"ன்னு சொல்றாங்க. ஸ்கூல்ல "பூசணி"ன்னு கூப்பிடுறாங்க. அந்த உடம்பு இல்லாம அந்தக் குண்டு பத்து மீட்டர்கூடப் போகாது. அவ ரிசல்ட்டைப் பார்க்க போனைத் திறந்தா, நம்ம பேஜ்ல எதிர்க்கட்சிக்காரரோட தொப்பையைச் சுத்தி சிவப்பு வட்டம் போட்ட மீம், கீழே நூத்துக்கணக்குல சிரிப்பு ஸ்மைலி. அவளுக்கு அது எதிர்க்கட்சிக்காரரைப் பத்தின மீம் இல்லை.

எதிர்க்கட்சிக்காரங்களோட கொள்கை மேல, ஊழல் மேல, அவங்க போட்ட சட்டத்து மேல எவ்வளவு காரமா வேணும்னாலும் எழுதுங்க. அதுல நமக்கு நிகர் யாரும் இல்லைன்னு எனக்குத் தெரியும். உடம்பு, நிறம், உயரம், எடை வேண்டாம். சுயமரியாதைன்னு பேனர்ல எழுதிட்டுக் கமெண்ட்ல "பன்னி"ன்னு எழுதுறது நமக்கே அசிங்கம். இனிமே இந்தப் பேஜ்ல அப்படி வர்ற கமெண்ட்டை, நம்ம ஆளு போட்டிருந்தாலும், அட்மின் மறைச்சுடுவாங்க. கோபப்பட்டு எனக்கு போன் பண்ணாதீங்க, முன்கூட்டியே சொல்லிட்டேன்.

பாராட்டுற போஸ்ட்லயும் கவனம் வேணும். இது கொஞ்சம் கஷ்டம், ஏன்னா நல்ல எண்ணத்துல செய்றோம். "மூணு நாள் பட்டினி கிடந்து தங்கம் வென்ற வீராங்கனை"ன்னு தலைப்பு வெச்சா ஷேர் அள்ளும். ஆனா அதைப் படிக்கிற பதிமூணு வயசுப் பொண்ணு என்ன கத்துக்குவா? ஒரு வீராங்கனை சாப்பாடு கிடைக்காத வறுமையில இருந்து வந்தாங்கன்னா, அதைச் சொல்லுங்க, அது இந்தச் சமூகத்து மேல வைக்கிற கேள்வி. அந்தப் பசியே பதக்கத்தைக் கொடுத்த மாதிரி எழுதாதீங்க. "முன்னாடி – பின்னாடி"ன்னு உடம்பு படம் ரெண்டை ஒட்டிப் போடாதீங்க. எத்தனை கிலோ குறைச்சாங்கன்னு எண் போடாதீங்க. இன்னைக்கு நான் இங்க எண் சொன்னது உங்களுக்குப் புரியணுமேன்னுதான், கார்டுல போடுறதுக்கு இல்லை. அவங்க என்ன உத்தி வெச்சு ஜெயிச்சாங்க, எந்தப் பிடியைப் போட்டாங்க, கடைசி முப்பது நொடியில என்ன நடந்துச்சுன்னு எழுதுங்க. உண்மையைச் சொல்லணும்னா அதுக்குத்தான் நாம ஆட்டத்தைக் கத்துக்கணும். உடம்பைப் பத்தி எழுதுறது சுலபம், அதனாலதான் எல்லாரும் அதையே எழுதுறாங்க.

கடைசியா, உங்க வீட்டுலயோ தெருவுலயோ விளையாடுற பிள்ளை இருந்தா, இதைக் கவனிங்க. டீமோட சேர்ந்து சாப்பிடாம சாக்கு சொல்லி நழுவுறது. சாப்பிட்ட கையோட பாத்ரூம் போய் ரொம்ப நேரம் வராம இருக்கிறது. ஒரு நாள் கொஞ்சம் கூட சாப்பிட்டா தண்டனை மாதிரி ராத்திரியில தனியா ஓடுறது. தொடர்ந்து மூணு மாசம் மாதவிடாய் வராதது. திரும்பத் திரும்ப எலும்பு விரிசல். எப்பவும் குளிருதுன்னு சொல்றது. இதுல ஒண்ணு ரெண்டு இருந்தா, "ஏன் இப்படி ஒல்லியாயிட்டே"ன்னும் கேட்காதீங்க, "நல்லா சாப்பிடுறியே, சந்தோஷம்"னும் தட்டைப் பார்த்துப் பேசாதீங்க. "கொஞ்ச நாளா நீ சோர்வா இருக்க மாதிரி தெரியுது, டாக்டரைப் பார்க்கப் போலாமா, நானும் வர்றேன்"னு சொல்லுங்க. அம்மாவோ அத்தையோ சொன்னா இன்னும் நல்லது. திட்டினாலோ கட்டாயப்படுத்தி ஊட்டினாலோ அது இன்னும் உள்ளேதான் போகும். இது நோய், அடம் இல்லை. மருத்துவரும் மனநல ஆலோசகரும் உணவியல் நிபுணரும் சேர்ந்து பார்த்தா குணமாகும், திரும்ப வந்து விளையாடவும் முடியும்.

யார்கிட்ட கேட்கிறதுன்னு தெரியலைன்னா, 14416. டெலி மானஸ். 24 மணி நேரமும் பேசலாம், தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது. 104-க்கும் கூப்பிடலாம். இந்த ரெண்டு எண்ணையும் நம்ம கபடி போட்டி நோட்டீஸ்ல, பரிசுத் தொகைக்குக் கீழேயே போடச் சொல்லி டிசைன் டீம்கிட்ட சொல்லியிருக்கேன். மாதிரி ரெடியா இருக்கு, மதியம் காட்டுவாங்க. ஒன்றியப் பொறுப்பாளர்கள் போறதுக்கு முன்னாடி பென்டிரைவ்ல வாங்கிட்டுப் போங்க.

சாப்பாடு வந்தாச்சுன்னு பின்னாடி இருந்து கை காட்டுறாங்க. கேள்வி இருந்தா பந்தியிலயே கேளுங்க.